மனப்பாடம் மட்டும் போதுமா? – கருத்து வரைபடமும் நம் பிள்ளைகளின் படிப்பும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தை ஒட்டி, மஃரிப் தொழுகைக்குப் பின் நடைபெற்ற மாணவர் – பெற்றோர் அமர்வில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

கல்வியின் சிறப்பைப் பற்றி இந்த மேடையில் ஆண்டுதோறும் பேசப்படுகிறது. நாமும் பலமுறை பேசியிருக்கிறோம். கல்வி கற்பது கடமை என்பதை இங்கு அமர்ந்திருக்கும் எவரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் எப்படிக் கற்பது என்பதை நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததுண்டா? 'படி, படி' என்கிறோம். படிப்பது எவ்வாறு என்று பிள்ளை திருப்பிக் கேட்டால் நம்மில் எத்தனை பேரிடம் விடை இருக்கிறது? இன்று அந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேச அனுமதி கேட்கிறோம்.

நம் பக்கத்து ஊரின் பெயர் மணப்பாடு. நம் பிள்ளைகளின் படிப்பு முறையின் பெயர் மனப்பாடம். இந்த எழுத்து மாற்றத்தில் நகைச்சுவை இருக்கிறது. ஆனால் பின்வரும் நிகழ்ச்சியில் நகைப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஒரு தாயின் வேண்டுகோள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் தம் மகனை அழைத்துக்கொண்டு பள்ளிவாசல் வாசலுக்கு வந்தார். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அந்த மாணவர் அறிவியல் பாடத்தில் தேறவில்லை. தகப்பனார் வெளிநாட்டில் உழைக்கிறார். "ஹஜ்ரத், இவனுக்குப் படிப்பு ஏறாது. தெரிந்த கடையில் எங்காவது சேர்த்துவிடுங்கள்" என்று அந்தத் தாய் கண்கலங்கக் கேட்டார்.

அந்தப் பிள்ளை சோம்பேறியா என்றால், இல்லை. ஸுப்ஹுக்கு முன் எழுந்து படித்தவர் என்பதை நாமே அறிவோம். அவரை அருகில் அமர்த்தி, "சிறுநீரகத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றோம். ஒரு மூச்சில், ஒரு சொல் பிசகாமல் பத்து வரிகளை ஒப்புவித்தார். "சரி, நாம் உண்ணும் உப்புக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்டோம். பேச்சு நின்றுவிட்டது. சிறிது நேரம் கழித்து, "அப்படி ஒரு கேள்வி புத்தகத்தில் இல்லை, ஹஜ்ரத். பரீட்சையிலும் இப்படித்தான் கேள்வியை மாற்றிக் கேட்டுவிட்டார்கள்" என்றார்.

அந்த விடை நம் நெஞ்சைத் தைத்தது. காரணம், அது நம்முடைய சொந்தக் கதை. நாம் மதரஸாவில் ஓதத் தொடங்கிய காலத்தில் அரபு இலக்கணச் சிற்றேடு ஒன்றை முதல் பக்கத்திலிருந்து இறுதிப் பக்கம் வரை மனனம் செய்திருந்தோம். நம் உஸ்தாத் அவர்கள் ஒருநாள் நடுவிலிருந்து ஒரு சொல்லை எடுத்து, "இது ஏன் இப்படி முடிகிறது?" என்று கேட்டார்கள். நமக்குத் தொடக்கத்திலிருந்து ஓதினால்தான் அந்த இடம் வரும்! முழுவதும் ஓதி அந்த இடத்தை அடைந்தபோதும் காரணம் தெரியவில்லை. உஸ்தாத் அவர்கள் கோபிக்கவில்லை. கரும்பலகையில் 'சொல்' என்று எழுதினார்கள். அதிலிருந்து மூன்று கோடுகள் இழுத்து, பெயர், வினை, இடைச்சொல் என்று எழுதினார்கள். பெயரிலிருந்து இரண்டு கோடுகள்: முடிவு மாறுவது, மாறாதது. மாறுவதிலிருந்து மீண்டும் கோடுகள். கால் மணி நேரத்தில் ஓராண்டுப் பாடம் முழுவதும் ஒரு மரமாக நம் கண்முன் நின்றது. அன்றுதான் அந்த ஏடு நமக்குத் திறந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். மனனத்தை நாம் இழிவுபடுத்தவில்லை. குர்ஆனை நெஞ்சில் சுமக்கும் ஹாஃபிழ்களின் சிறப்பை அறிந்த சமுதாயம் நாம். ஆனால் மனனம் செய்த ஹாஃபிழும் பின்னர் தஃப்ஸீர் ஓதுகிறார்; பொருளை ஆராய்கிறார். மனனம் படிப்பின் முதற்படி. அதுவே முழுப் படிப்பு என்று எண்ணுவதுதான் பிழை.

வரைந்து கற்பிப்பது புதிதன்று

நபி (ஸல்) அவர்கள் வரைந்து காட்டிக் கற்பித்த செய்தியை இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. ஒரு சதுரம் வரைந்தார்கள். அதன் நடுவிலிருந்து ஒரு கோடு புறப்பட்டுச் சதுரத்தைக் கடந்து வெளியே நீண்டது. நடுக்கோட்டின் பக்கத்தில் சிறுசிறு கோடுகள். நடுவில் இருப்பவன் மனிதன். சூழ்ந்து நிற்கும் சதுரம் அவனது தவணை. வெளியே நீள்வது அவனது ஆசை. சிறு கோடுகள் அவனுக்கு நேரும் சோதனைகள் என்று விளக்கினார்கள். ஆசை, ஆயுளைத் தாண்டி நீள்கிறது என்ற பெரும் உண்மையைத் தரையில் வரைந்த சில கோடுகள் சொல்லிவிட்டன. அங்கே ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பொருள் இருந்தது என்பதைக் கவனியுங்கள். இது பின்னால் நமக்குத் தேவைப்படும்.

ஹதீஸ் கலையில் இப்னு ஹஜர் அல் அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் எழுதிய 'நுக்பதுல் ஃபிகர்' என்னும் சிறு நூலை ஆலிம்கள் அறிவார்கள். ஹிஜ்ரி 852இல், அதாவது 1449ஆம் ஆண்டில் மறைந்த அந்த மேதை, பெருங்கலையைச் சில பக்கங்களில் அடக்கினார். எப்படி? முதலில் ஒரு கேள்வி: ஒரு செய்தி எத்தனை வழிகளில் நம்மை வந்தடைந்தது? எண்ணிக்கைக்குள் அடங்காத பல வழிகள் என்றால் முத்தவாதிர். மூன்றும் அதற்கு மேலும் என்றால் மஷ்ஹூர். இரண்டு என்றால் அஸீஸ். ஒன்று என்றால் ஃகரீப். அதிலிருந்து அடுத்த கேள்வி, அடுத்த கிளை. ஓதும் மாணவர்கள் அந்நூலைத் தாளில் மரமாக வரைந்துகொள்வதில் வியப்பில்லை. பாகப்பிரிவினைச் சட்டத்தை ஓதும் மாணவரும் இறந்தவர், மனைவி, மக்கள், பெற்றோர் எனக் கட்டம் கட்டித்தான் பங்குகளைக் கணக்கிடுகிறார்.

கருத்து வரைபடம் பிறந்த கதை

உலகக் கல்வியாளர்களிடம் இது ஒரு முறையான கலையாக உருவெடுத்த வரலாறு சுவையானது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் என்ற பேராசிரியர், 1970களின் தொடக்கத்தில், தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் அறிவியலை எவ்வாறு புரிந்துகொள்கிறார்கள் என்று ஆராயத் தொடங்கினார். அதே பிள்ளைகளைப் பள்ளிப் படிப்பின் இறுதி வரை, 12 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு அது. பிள்ளைகளிடம் பேட்டி கண்டு எழுதிவைத்த தாள்கள் குவிந்தன. அவற்றைப் படித்து, ஒரு குழந்தையின் அறிவு எங்கே வளர்ந்தது, எங்கே பிழைத்தது என்று கண்டறிவது இயலாத காரியமாயிற்று. அப்போது அந்த ஆய்வுக் குழுவினர், குழந்தை சொன்ன கருத்துகளைக் கட்டங்களாகவும், அவற்றுக்கிடையே உள்ள தொடர்பைக் கோடுகளாகவும் வரைந்து பார்த்தனர். குழந்தையின் மனம் ஒரே தாளில் தெரிந்தது.

ஆக, இது பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பெரியவர்கள் அறிந்துகொள்ளும் கருவியாகவே பிறந்தது. பின்னரே, பிள்ளை தானே வரைந்து கற்கும் முறையாக வளர்ந்தது. நோவாக்கும் அவருடைய சக பேராசிரியர் கோவினும் 1984இல் இதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். இதற்கு அடித்தளம் டேவிட் ஆசுபெல் என்ற உளவியலாளரின் கொள்கை. மாணவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதே அவர் புதிதாகக் கற்பதைத் தீர்மானிக்கும் பெரிய காரணி. புதிய செய்தி பழைய அறிவோடு முடிச்சுப் போடப்பட்டால்தான் நிலைக்கும் என்பது அதன் சாரம்.

நம் தமிழகத்திலும் இது நுழைந்தது. 2007-08ஆம் கல்வியாண்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் கொண்டுவரப்பட்டது. அக்காலத்தை ஒட்டியே, அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் வழியாக 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்குப் 'படைப்பாற்றல் கல்வி' என்ற முறை வந்தது. மாணவர் பாடத்தைத் தாமே படிப்பார். கடினச் சொற்களை அடிக்கோடிடுவார். பின் 'மன வரைபடம்' வரைவார். அடுத்து குழுவாகச் சேர்ந்து ஒரே படமாக்கித் தொகுத்து வழங்குவார். அக்காலத்தில் பள்ளியில் பயின்ற இளைஞர்கள் இங்கே பலர் அமர்ந்திருக்கிறீர்கள், உங்களுக்கு நினைவிருக்கும். முறைகள் மாறின, பெயர்களும் மாறின. ஆனால் அந்த ஒரு பழக்கம் விட்டுவிடத் தக்கதன்று.

மன வரைபடமும் கருத்து வரைபடமும் ஒன்றா என்று ஓர் ஆசிரியர் நம்மிடம் கேட்டார். உறவினர்கள்தாம், ஒன்றல்ல. மன வரைபடத்தில் நடுவில் ஒரு தலைப்பு, நாலாபுறமும் கிளைகள். நினைவுக்கு வருவதை விரைவாகக் கொட்டிவைக்க அது நல்லது. கருத்து வரைபடத்தில் பொதுவான கருத்து மேலே, நுட்பமானவை கீழே. அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு கோட்டின் மீதும் ஒரு சொல் எழுதப்பட வேண்டும். 'இதனால் உண்டாகிறது', 'இதைத் தடுக்கிறது', 'இதன் ஒரு பகுதி', 'இது இல்லாவிட்டால்' போன்ற சொல். கட்டம், கோட்டின் மேல் உள்ள சொல், அடுத்த கட்டம் – மூன்றையும் சேர்த்துப் படித்தால் ஒரு முழு வாக்கியம் வரவேண்டும். அந்த இணைப்புச் சொல்தான் உயிர். நம் கடற்கரை முத்துக்குப் பெயர்பெற்ற கரை. தூத்துக்குடிக் கடலில் கடைசியாக 1961இல் முத்துக்குளிப்பு நடந்தது. அள்ளிவந்த முத்துகளைக் கோக்க நூல் வேண்டாமா? இணைப்புச் சொல் அந்த நூல்.

பனையிலிருந்து முதல் பாடம்

அந்தத் தாயிடம், "பிள்ளையை ஓராண்டு நம்மிடம் விடுங்கள்" என்று கேட்டோம். அவரோடு இன்னும் சில மாணவர்களைச் சேர்த்து, மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் மதரஸா அறையில் அமர்ந்தோம். இங்கு நாம் செய்த ஒரு தவறை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நம் உஸ்தாத் செய்ததைப் போலவே செய்வோம் என்று எண்ணி, பாடங்களை எல்லாம் நாமே அழகழகாகப் பலகையில் வரைந்தோம். மாணவர்கள் வண்ணப் பேனாவால் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஒரு மாதம் கழித்துச் சோதித்தால், படத்தை அச்சுப் பிசகாமல் வரைகிறார்கள். "இந்த அம்புக்குறி என்ன சொல்கிறது?" என்று கேட்டால் விழிக்கிறார்கள். முன்பு வரிகளை மனனம் செய்தவர்கள் இப்போது படத்தை மனனம் செய்திருந்தார்கள்! நோய் அப்படியே இருந்தது. மருந்துப் புட்டியின் நிறம்தான் மாறியிருந்தது. நாம் வரைந்த படம் நமக்குப் பயன்பட்டது. ஏனெனில் சிந்தித்தது நாம்.

அதன் பிறகு பலகையைத் துடைத்துவிட்டோம். பழைய காலண்டர் தாள்களைக் கொடுத்து, "பனைமரத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை வரையுங்கள்" என்றோம். உடன்குடிக் கருப்பட்டியின் மணத்தில் வளர்ந்த பிள்ளைகள். மணப்பாட்டுப் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகளைப் பார்த்தவர்கள். ஓலை, பெட்டி, நுங்கு, பதநீர், கருப்பட்டி, கள் என்று சொற்களைத் துண்டுத் தாள்களில் எழுதி அடுக்கினார்கள். பதநீருக்கும் கள்ளுக்கும் இடையில் கோடு இழுத்த மாணவரின் கை நின்றது. கோட்டின் மேல் என்ன எழுதுவது? ஒன்று அருந்தத்தக்கது, மற்றொன்று ஹராம்; இரண்டும் ஒரே பாளையிலிருந்து வருகின்றன. எது பிரிக்கிறது? ஒருவருக்கும் தெரியவில்லை.

"நமக்கும் முழுமையாகத் தெரியாது, தெரிந்தவரிடம் கேட்டு வாருங்கள்" என்று அனுப்பினோம். மறுநாள் பனையேறும் பெரியவர் ஒருவரிடம் கேட்டுவந்தார்கள். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் சாறு புளிக்காது, பதநீராக இருக்கும். தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும் என்று அவர் விளக்கியிருக்கிறார். சுண்ணாம்பு என்ற புதிய கட்டம் பிறந்தது. 'புளிப்பதைத் தடுக்கிறது' என்ற சொல் கோட்டின் மேல் ஏறியது. பத்தாம் வகுப்பு மாணவர் நிமிர்ந்து, "ஹஜ்ரத், அமிலம் – காரம் பாடத்தில் சுண்ணாம்பு காரம் என்று படித்தோமே, நொதித்தல் என்று உயிரியலில் வருகிறதே, இரண்டும் இந்த ஒரு கலயத்துக்குள் இருக்கிறதே" என்றார். உப்புக்கும் சிறுநீரகத்துக்கும் தொடர்பு சொல்லத் தெரியாத அதே பிள்ளை! ஒரு பாடத்திலிருந்து மற்றொரு பாடத்துக்குத் தானே இழுத்த அந்தக் கோட்டைக் கல்வியாளர்கள் குறுக்கு இணைப்பு என்கிறார்கள். புரிதலுக்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிழையைக் காட்டும் கண்ணாடி

அடுத்து எடுத்துக்கொண்டது நம் வாசலுக்கே வந்த பாடம். குலசேகரன்பட்டினத்தில் நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. "நம் கரை ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது?" என்பதைக் கேள்வியாகத் தாளின் மேல் எழுதச் சொன்னோம்.

பெரும்பாலோர், 'குலசேகரன்பட்டினம் – நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது – எரிபொருள் மிச்சம்' என்று வரைந்தனர். எங்கோ கேட்ட செய்தி. "நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருந்தால் எரிபொருள் எப்படி மிச்சமாகும்? கோட்டின் மேல் எழுதுங்கள்" என்றோம். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. அந்த வேகம் கிழக்கு நோக்கிச் செல்லும் ராக்கெட்டுக்குக் கைகொடுக்கும் என்று எழுதினார்கள். சரி. "இங்கிருந்து எந்தத் திசையில் ஏவப்போகிறார்கள்?" தெற்கே, துருவங்களைக் கடந்து செல்லும் பாதையில். அப்படியானால் கிழக்கு நோக்கிய அந்த உதவி இங்கே பொருந்துமா? பொருந்தாது! வரைந்த கோட்டை அவர்களே அழித்தார்கள்.

பிறகுதான் சரியான படம் உருவாயிற்று. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே செலுத்தினால் வழியில் இலங்கை இருக்கிறது. ராக்கெட்டின் பாகங்கள் மக்கள் வாழும் நிலத்தில் விழக்கூடாது என்பதால் வளைந்து செல்ல வேண்டும். வளைவதற்கு எரிபொருள் செலவாகும். பெரிய ராக்கெட் அதைத் தாங்கும், எஸ்.எஸ்.எல்.வி. போன்ற சிறிய ராக்கெட்டோ, சுமக்கும் எடையைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். நம் கரைக்குத் தெற்கே திறந்த கடல், நேராகச் செல்லலாம். 'இலங்கை' என்ற கட்டமே இல்லாமல் விடை முழுமை பெறாது என்பதைப் பிள்ளைகள் கண்டுகொண்டார்கள். வரிகளாக எழுதியிருந்தால் அந்தப் பிழை மறைந்தே இருந்திருக்கும். படம் நம் அறியாமையையும் காட்டிக்கொடுக்கும் கண்ணாடி. அதைக் கண்டு வெட்கப்படத் தேவையில்லை.

எப்படி வரைவது?

மாணவச் செல்வங்களே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, தலைப்பை எழுதாதீர்கள். ஒரு கேள்வியை எழுதுங்கள். 'மழை' என்பதைவிட 'நம் கரையில் ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் ஏன் அதிக மழை?' என்பது படத்துக்கு எல்லை வகுத்துவிடும். இரண்டாவது, பாடத்திலிருந்து 15 முதல் 25 வரை முக்கியச் சொற்களை எடுத்துத் துண்டுத் தாள்களில் எழுதுங்கள். தொடக்கத்தில் பத்துச் சொற்களே போதும். மூன்றாவது, பொதுவானதை மேலும் நுட்பமானதைக் கீழும் அடுக்குங்கள். துண்டுத் தாள் என்பதால் இடம் மாற்றுவது எளிது. நான்காவது, கோடு இழுத்து, ஒவ்வொரு கோட்டின் மேலும் இணைப்புச் சொல் எழுதுங்கள். சொல் கிடைக்காத இடம் உங்களுக்குப் புரியாத இடம். அதையே மறுநாள் ஆசிரியரிடம் கேளுங்கள். ஐந்தாவது, வேறு கிளைகளுக்கு இடையே குறுக்கு இணைப்பு உண்டா என்று தேடுங்கள். ஆறாவது, இரண்டு நாள் கழித்து மீண்டும் வரையுங்கள். முதல் படம் ஒருபோதும் இறுதிப் படம் அன்று.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். 55 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளிவந்த ஆய்வு, இத்தகைய வரைபடங்களால் கற்றல் மேம்படுகிறது என்று காட்டியது. ஆனால் 2011இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் வேறொரு சோதனை செய்தனர். ஒரு குழுவினர் புத்தகத்தைத் திறந்துவைத்துக் கருத்து வரைபடம் வரைந்தனர். மற்றொரு குழுவினர் படித்துவிட்டு, புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதினர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, மூடிவைத்து நினைவுகூர்ந்தவர்களே முந்தினர். அதே ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வரைபடத்தையே புத்தகத்தை மூடிவிட்டு வரைந்தால் அதுவும் நல்ல பலன் தருகிறது என்று கண்டனர்.

நமக்கு இதில் அயர்வு இல்லை. ஹிஃப்ழ் வகுப்பில் முஸ்ஹஃபை மூடி உஸ்தாதிடம் ஒப்புவிப்பது இதே உண்மையைத்தான் சொல்கிறது. எனவே, புத்தகத்தைத் திறந்து படியுங்கள், மூடிவிட்டு வரையுங்கள், பிறகு திறந்து சரிபாருங்கள். கணக்குப் பாடத்துக்குப் படம் மட்டும் போதாது. போட்டுப் பார்த்துத்தான் ஆகவேண்டும். வாய்பாட்டுக்கும் செய்யுளுக்கும் மனனமே உரிய வழி. ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி.

அந்த மாணவரைப் பற்றிக் கேட்பீர்கள். துணைத் தேர்வில் தேறினார். மிகப் பெரிய மதிப்பெண் அன்று. படம் வரைந்ததால்தான் தேறினார் என்று நாம் சத்தியம் செய்யமாட்டோம். அவருடைய உழைப்பும் தாயின் துஆவும் இருந்தன. அவரோடு அமர்ந்த மற்றொரு மாணவர் நடுவிலேயே வராமல் நின்றுவிட்டார். இன்று சென்னையில் ஒரு கடையில் நிற்கிறார். கடை வேலை இழிவானதன்று. ஆனால் அவர் விரும்பிப் போகவில்லை. 'எனக்குப் படிப்பு வராது' என்று நம்பிப் போனார். அந்த நம்பிக்கையை அவர் மனத்தில் விதைத்ததில் அவர் வீட்டுக்கும், நமக்கும், இந்த ஜமாஅத்துக்கும் பங்கு உண்டு. சற்று முன்னதாக நாம் விழித்திருந்தால் என்ற எண்ணம் நம்மை விட்டு அகலவில்லை.

ஜமாஅத்தின் முன் மூன்று கோரிக்கைகள்

முதலாவது, மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் மதரஸா அறை மாணவர்களுக்காகத் திறந்திருக்கட்டும். பெரிய செலவில்லை. நல்ல வெளிச்சம், பாய், பழைய காலண்டர் தாள்கள், பென்சில் போதும். வரும் நிதியாண்டின் செலவுத் திட்டத்தில் இதற்கொரு சிறு தொகையை நிர்வாகிகள் ஒதுக்கித் தர வேண்டுகிறோம்.

இரண்டாவது, பட்டம் பெற்ற நம் இளைஞர்கள் வாரம் ஒரு நாள் வாருங்கள். பெண் பிள்ளைகளுக்குப் பட்டதாரிச் சகோதரிகளும் ஆலிமாக்களும் தனியே ஓர் அமர்வு நடத்தலாம். நீங்கள் பாடம் நடத்த வேண்டாம். படம் வரைந்து கொடுக்கவும் வேண்டாம். நாம் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். அருகில் அமர்ந்து, 'ஏன்?' என்று கேளுங்கள்.

மூன்றாவது கோரிக்கை பெற்றோருக்கு. 'எங்களுக்குப் படிப்பறிவில்லை, பிள்ளையின் பாடத்தை எப்படிப் பார்ப்பது?' என்று பல தாய்மார்கள் வருந்துகிறீர்கள். பிள்ளை வரைந்த தாளை வாங்குங்கள். ஏதேனும் ஒரு கோட்டின் மீது விரலை வையுங்கள். "இதற்கும் அதற்கும் என்ன தொடர்பு? எனக்குப் புரியும்படி சொல்" என்று கேளுங்கள். இதற்கு எழுத்தறிவு தேவையில்லை. உங்களுக்குப் புரியும்படி பிள்ளை சொல்லிவிட்டால் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது என்று பொருள். தடுமாறினால் அடிக்காதீர்கள், ஏசாதீர்கள். 'நாளை கேட்டு வந்து எனக்கும் சொல்' என்று அனுப்புங்கள். பள்ளிப்படியை மிதிக்காத தாயும் இவ்வாறு தம் பிள்ளைக்கு உஸ்தாதாக முடியும்.

'படிப்பு ஏறாது' என்ற சொல் இனி நம் மஹல்லாவின் எந்த வீட்டிலும் ஒலிக்க வேண்டாம். அடுத்த ஆண்டு இதே மேடையில் நாம் பேசாமல், நம் பிள்ளைகள் தாங்கள் வரைந்த தாள்களைச் சுவரில் ஒட்டிவைத்து நமக்கு விளக்கும் நாளாக அமையட்டும்.

கற்றதைப் புரிந்துகொள்ளும் தெளிவையும், புரிந்ததன்படி நடக்கும் பேற்றையும், பயனளிக்கும் கல்வியின் பெருக்கத்தையும் வல்ல ரஹ்மான் நமக்கும் நம் சந்ததிகளுக்கும் தந்தருள்வானாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.